கருத்தப்பாண்டியின் குறட்டை

டாக்டர் நிமியின் அறை முழுக்கக் கருத்தப்பாண்டியின் குறட்டை நிறைந்திருந்தது. ஆள் வரவில்லை. அவர் மனைவி வேலுத்தாய் அதைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்து, தானே விரலால் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தி, மேசைமேல் ஓடவிட்டிருந்தாள்.

வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரிப்பது கேட்டது. நிமி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வண்டிப்பெரியாருக்கு மாற்றலாகி வந்த இந்த ஏழு மாதத்தில், அரைநாள் கூலியை விட்டுவிட்டுக் குறட்டைக்கென்று ஓ.பி. சீட்டு எடுத்தவர் யாருமில்லை.

"இது எதனால வருது டாக்டர்? எனக்குக் காரணம் தெரியணும்."

நிமி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவருக்கு வயது நாற்பத்தெட்டு முடிந்தது என்றாள் வேலுத்தாய். டீ ஃபாக்டரியில் வேலை. இரண்டு வருடத்தில் உடம்பு பெருத்து, சட்டைக் காலருக்குப் பித்தான் போட முடியாமல் போனது. தேயிலைத் தூசியில் மூக்கு எப்போதும் அடைப்புதான். இடுப்புவலி என்பதால் மல்லாந்துதான் படுக்கை. சாயங்காலம் கொஞ்சம் குடியும் உண்டு. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிவார். மெஷின் பக்கத்தில் கண்ணசந்ததற்காக ஃபாக்டரியில் இரண்டு தடவை மெமோ கொடுத்திருந்தார்கள்.

அவரோ தனக்குக் குறட்டையே கிடையாது என்று சாதித்திருக்கிறார். அவருக்குக் கேட்கக் கொடுக்கத்தான் ஒருநாள் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்ததாக வேலுத்தாய் சொன்னாள். போட்டுக் காட்டினீர்களா என்று நிமி கேட்டாள். அதற்கு வாய்க்கவில்லை என்றாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறை வீடு. சத்தம் தாங்காமல் அடுத்த வீட்டுப் பாண்டித்துரை சுவரைத் தட்டுவாராம். வேலுத்தாய்க்குத் தட்டுவதற்குச் சுவர்கூடக் கிடையாது.

"நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி வச்சுட்டுக் கொழுந்தெடுக்க மலையேறணும் டாக்டர். ஒரு ராத்திரி முழுசாத் தூங்கி எத்தனை வருசமாச்சுன்னு எனக்கே தெரியாது."

நிமிக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மலையாளம் கலந்து தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாக விளக்கினாள். தூங்கும்போது தொண்டைச் சதை தளரும். கழுத்து பெருத்தாலும், குடித்தாலும், மல்லாந்து படுத்தாலும் மூச்சுப் போகிற வழி இன்னும் குறுகும். அந்த இடுக்கில் காற்று போராடுகிற சத்தம்தான் இது.

அப்போது குறட்டை பெரிதாகி, சட்டென்று அறுந்தது. நிமி கையை உயர்த்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு வினாடி. தண்ணீரில் முங்கியவன் தலை தூக்குவதுபோல் ஓர் இழுப்பு. மறுபடி குறட்டை.

"கேட்டீங்களா சேச்சி? சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். சத்தம் நிக்குதே, அதுக்குத்தான் பயப்படணும். அப்ப மூச்சு போகலை. ஒவ்வொரு தடவையும் இதயம் அடி வாங்குது. சத்தம் நின்னா உடனே உலுக்கி, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

"உலுக்குனா மூச்சு வந்துருமா?"

"வரும். அதுக்குத்தான் சொல்றேன்."

வேலுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டது புரியவில்லையோ என்று நிமி இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு பிரஷர், சுகர் பார்க்கச் சீட்டில் எழுதினாள். தூக்கத்தைச் சோதிக்கக் கோட்டயத்துக்கு எழுதித் தருவதாகவும், திங்கட்கிழமை அவரையே கூட்டிவர வேண்டும் என்றும் சொன்னாள். வேலுத்தாய் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறட்டை மறுபடி அறுந்தது.

நிமி எழுதுவதை நிறுத்தினாள். இருபது வினாடி. முப்பது. நாற்பது. போனில் தகரக் கூரைமேல் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. எழுபதைத் தாண்டியபோது, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது நிமிக்குத் தெரிந்தது.

மழைச் சத்தத்துக்கு அடியில், சன்னமாக ஒரு குறட்டை எழுந்தது. திணறல் இல்லை, இழுப்பு இல்லை. அலுத்துப்போன உடம்பு அசந்து தூங்குகிற சீரான சத்தம்.

"நல்ல காலம், திரும்பி வந்துட்டாரு" என்று நிமி சிரித்தாள்.

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுக வரல டாக்டர். இது நான் தூங்குற சத்தம்."