குளத்தில் போன தம்பி

இந்தக் காலத்தில் ஒருத்தனைச் சாகடிப்பதென்றால்கூட அவனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கிழவரின் அண்ணன் அந்த நாளில் எழுதிய பேர்போன நாவலில் கதாநாயகனின் தம்பி எட்டு வயதில் குளத்தில் மூழ்கிச் சாவான். கிழவர் அதைப் பொறுத்துக்கொண்டார், அது கதை. இப்போது அண்ணனின் பேத்தி அந்த நாவலையும் தன் தாத்தாவின் வாழ்க்கையையும் கலந்து புது நாவல் எழுதி, தாத்தாவின் சொந்தத் தம்பியே அப்படித்தான் செத்தான் என்று அச்சேற்றிவிட்டாள். அந்தத் தம்பி கிழவர்தான்.

நேரே அவள் வீட்டுக்குப் போய் நின்றார்.

“நான் எப்படி செத்தேன்? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே!”

“கதைக்காகத்தான் சின்னத் தாத்தா. கோச்சுக்காம உக்காருங்க.”

“உக்கார வரல. அடுத்த பதிப்புல என்னை உசுரோட போடு.”

சிரித்தவள் தரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“வெளியில மழையா தாத்தா?”

அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“உன் வீட்டுக் கூரை ஒழுகுது. எழுதுறதை விட்டுட்டு அதைப் பாரு” என்றவர், செருப்பைக்கூட மாட்டாமல் கொளுத்தும் வெயிலில் இறங்கினார்.

தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் வாசலிலிருந்து அவர் நின்ற இடம்வரை ஈரக் கால்தடங்கள். எல்லாம் ஒரு சின்னப் பையனின் பாத அளவு.

“எவன் வீட்டுப் பிள்ளையோ தண்ணியில ஆடிட்டு வந்திருக்கு” என்று முனகியபடி நடையைக் கட்டினார்.