மஞ்சள் கவுன்

இருட்டு அறையில் திரை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. அதில், குண்டு விழுந்து பாதி இடிந்த வீட்டு வாசலில் ஒரு சிறுமி நிற்கிறாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் புதுக் கவுன் போட்டிருக்கிறாள். அந்த ஆவணப்படத்தை எடுத்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில், படத்துக்கு நிறம் சரிசெய்பவர் பேனா மூடியைக் கடித்தபடி மேசையில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் உருண்டையில் கை வைக்கிறார். "பொண்ணு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கா மேடம். பார்க்கிறவங்களுக்கு மனசு எப்படி இளகும்?" "ஆமா, குறைங்க" என்கிறாள் அவள். உருண்டை உருள உருள மஞ்சள் வெளுக்கிறது, பழந்துணியாகிறது, கடைசியில் சாம்பலாகிறது. சிறுமியின் தலையிலிருக்கும் சிவப்புக் கிளிப்பும் செங்கல் தூளோடு தூளாகிவிடுகிறது. இடிந்த சுவரில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அதனிடம் பிடுங்க என்ன இருக்கிறது? "இப்பக் கல்லும் கரையும் மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் அந்தக் காட்சியைச் சத்தத்தோடு ஓட்டுகிறார். சாம்பல் கவுன்காரி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு சிரிக்கிறாள். "அக்கா, ஜன்னல்தான் போயிடுச்சே, அதான் திரைச்சீலையை வெட்டி அம்மா தைச்சாங்க. படத்துக்குன்னே தைச்சது. மஞ்சள் நல்லாத் தெரியுமா?" கேமராவுக்குப் பின்னாலிருந்து, படம் எடுத்தவளின் குரல் கொஞ்சலாகப் பதில் சொல்கிறது: "பளிச்சுன்னு தெரியும்டா கண்ணு." உருண்டை மேல் அவர் கை நின்றுபோகிறது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "இந்தப் பேச்சு படத்துல வருதா மேடம்?" "இல்ல" என்கிறாள் அவள். "அந்த இடத்துல மியூசிக் வருது."