அன்புடன், உங்கள் தங்கை

"உங்க அண்ணன் வந்திருக்காரு, கீழ வாங்க" என்றாள் வரவேற்பறைப் பெண், தொலைபேசியில்.

அவளுக்கு அண்ணன் கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே. தங்கச்சியப் பாக்கணுமாம். எந்தத் தங்கச்சின்னு கேட்டா போனை நீட்டுறாரு. நீங்க எழுதினதுதான். ஊருக்கெல்லாம் தங்கச்சியானா இப்படித்தான், அனுபவிங்க."

அவள் படியிறங்கினாள்.

காது கேட்க உதவும் கருவிகளை விற்கும் நிறுவனம் அது. வாங்கிப் போனவர்களிடம் கருத்துக் கேட்கும் படிவங்களை எழுதுவது அவள் வேலை. முன்பெல்லாம் படிவத்தின் அடியில் 'வாடிக்கையாளர் சேவைப் பிரிவு' என்று இருக்கும். நூறு பேருக்கு அனுப்பினால் நாலு பேர் பதில் போடுவார்கள். அதில் மூன்று பேர் திட்டியிருப்பார்கள்.

அவள்தான் மாற்றினாள்.

மனைவிக்காக வாங்கிய ஆண்களுக்கு, 'அன்புடன், உங்கள் தங்கை'. மற்றவர்களுக்கு அவரவர்க்கு ஏற்ற உறவு. 'கருவியின் தரம் எப்படி?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'அண்ணா, மாட்டிய உடனே அண்ணி முதலில் கேட்டது யார் குரலை?' என்று வைத்தாள். தனக்கே கண் கலங்கும்வரை அந்த வரியைத் திருத்தினாள்.

நூற்றுக்கு அறுபது பேர் பதில் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஐந்து நட்சத்திரம்.

இன்று மூன்று மணிக்கு அதை மேலதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். இனி எல்லாக் கிளைகளுக்கும் இதே படிவம், பிரிவுக்குத் தலைமை அவள் என்பது அநேகமாக முடிவாகிவிட்டது.

வந்திருந்தவர் பேருந்து ஓட்டுநர். சீருடையைக்கூட மாற்றவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்கதானாம்மா அந்தத் தங்கச்சி?"

ஆமாம் என்பது வாய்வரை வந்தது. அவர் எழுதியதை ஒருமுறையாவது படித்திருந்தால் சொல்லியிருப்பாள். கணினி நட்சத்திரங்களை மட்டும்தான் எண்ணும். கீழே எழுதும் வரிகளைப் படிக்க ஆளே கிடையாது. மனம்விட்டுச் சொன்னோம் என்ற நிறைவு அவர்களுக்கு வரட்டும் என்று வைத்த கட்டம் அது.

"அவங்க இன்னிக்கு லீவு" என்றாள்.

அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. நிம்மதிதான் தெரிந்தது.

"நல்லதாப் போச்சு. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாட்டி வாசலோட திரும்பிட்டேன். நீங்க சொல்லிடுங்க. நான் எழுதினது பொய்."

"எது?"

"என் குரலத்தான் மொதல்ல கேட்டான்னு எழுதினேன். அவ ஒண்ணையும் கேக்கல. மாட்டின நாள்லேருந்து தலைக்குள்ள விசில் அடிக்குதாம். உங்க கண்டக்டர என் காதுல ஏத்தி விட்டுட்டீங்களான்னு கேட்டுட்டு, கழட்டி வச்சுட்டா. ஏழு மாசமாச்சு."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அப்பவே எழுதியிருக்கலாமே?"

"அண்ணி அண்ணின்னு உருகிக் கேக்குது. அதுகிட்டப் போயி உன் மிஷின் வேலைக்கு ஆகலன்னு சொல்ல மனசு வருமா? அது வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?"

ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை ஒரு வருடத்துக்குப் கருவிப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டாம் என்ற விதியும் அவள் எழுதியதுதான். போன கூட்டத்தில் அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

இன்னும் எத்தனை அண்ணன்கள் என்று நினைக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

அவர் கையிலிருந்த போனை வாங்கி, தான் எழுதிய கேள்வியை மறுபடி படித்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. பேச்சில்லாத வீட்டில் இருந்து பழகியவர்.

"மன்னிச்சிக்கச் சொல்லுங்கம்மா" என்றார் கடைசியில்.

"சொல்லிடறேண்ணா."

அந்த 'அண்ணா' அவளை மீறி வந்தது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி, போகலாம் என்று கைகாட்டினார். வெளியே நிழலில் நின்றிருந்த அவர் மனைவி, வா என்கிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

வந்தவர் நேராக அவளிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இதுதானா என் நாத்தனாரு? லெட்டர் போட்டே எங்க வீட்டுக்காரர அழ வச்சவ!"

தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் குரல் அது. வரவேற்பறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

ஓட்டுநர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். இல்லை, இவர் இல்லை, அவர் வரவில்லை.

அந்த அம்மா அவர் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். கையையும் உருவிக்கொள்ள முடியவில்லை.

அந்த அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்து, காதோடு வாய் வைத்து, கிசுகிசுப்பதாகவே நினைத்துக்கொண்டு, தெருவரை கேட்கும் குரலில் சொன்னார்:

"நீதான்னு உன் மூஞ்சியே சொல்லுது. அவருகிட்ட மட்டும் ஒத்துக்காதம்மா. மனுசன் வெக்கப்பட்டே செத்துடுவாரு."

ஓட்டுநர் ஏற்கெனவே தலைகுனிந்திருந்தார்.