நாய்க்கு வாங்கிய குண்டு

"இந்தக் குண்டை வெச்சு நாயைச் சுடறதா, இல்ல பல்லாங்குழி ஆடறதாங்க?"

கடை மேசைமேல் டப்பாவைக் கவிழ்த்தார் சவரி. ஈயக் குண்டுகள் சிதறித் தராசுக்கு அடியில் ஓடின. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஆணியிலிருந்து ஏர்கன் குண்டு வரை விற்கிற கடை அது. சாமான் வாங்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்றார் கடைக்காரர் முனிராஜ்.

"துப்பாக்கிய மடக்கிக் குண்ட வெச்சா, குழல்ல உருண்டு அந்தப் பக்கம் கீழ விழுவுது. நாய் என்னைப் பாத்து வாலை ஆட்டுதுங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"நல்லாக் கேளுங்க," என்று எடுத்துக் கொடுத்தாள் கூட வந்திருந்த மனைவி பாக்கியமேரி. "ஊரை ஏமாத்தற கடை."

முனிராஜ் ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது சின்ன சைஸ், பாயிண்ட் ஒன் செவன் செவன். உங்க துப்பாக்கி?"

"பாயிண்ட் டூ டூ. பெங்களூர்ல இருக்கற என் தம்பி குடுத்தது. டூ டூன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் போன வாரம் இவளை அனுப்பினேன்."

"அப்ப தொளதொளன்னுதாங்க கெடக்கும். ஆனா இந்தம்மாதான்..."

"ஆனா என்னங்க ஆனா?" பாக்கியமேரி பாய்ந்தாள். "படிக்காதவதானேன்னு கையில கெடச்சதக் கட்டிக் குடுத்துட்டு, இப்ப எம்மேல பழி போடறீங்களா? இது நாயமா?"

முனிராஜுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷக் கடையில் ஒருத்தரும் அவரை இப்படிப் பேசியதில்லை. ஒரு பொம்பளையோடு மல்லுக்கட்டுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

சவரிக்கு இன்னும் ஆறவில்லை. "பக்கத்துக் காட்டு மாதப்பனோட நாய்தாங்க. வாரம் தவறாம ஒரு கோழி. ஒரு எறகுகூட மிச்சம் வெக்காம முழுங்குது. தூக்கிட்டுப் போறத இவளே பாத்திருக்கா. நாயைக் கட்டி வெய்யுடான்னா, என் நாய் கோழிய மோந்துகூடப் பாக்காதுங்கறான். திமிரைப் பாருங்க. பெத்த பொண்ணு சொல்லாம கொள்ளாம எவனையோ கட்டிக்கிட்டு மொரப்பூர் போனா. அவளைத் தலைமுழுகியாச்சு. பொண்ணும் போயி, இப்பக் கோழியும் போவணுமா? இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்த நாய் இருக்கக் கூடாது."

"பெரிய சைஸ் உள்ள இருக்கான்னு பாக்கறேன்," என்று எழுந்தார் முனிராஜ்.

"இருந்தா மாத்தி வாங்கிட்டு வா," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பாப்பாரப்பட்டி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்க ஓடினார் சவரி.

முனிராஜ் பெரிய டப்பாவோடு வந்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது வெளியே வந்தது.

"ஏம்மா, போன வாரம் இதே டப்பாவைத்தான் நீட்டினேன். வேணாம், சின்னதுதான் வேணும்னு கேட்டு வாங்கினது நீங்க. இப்ப நாலு பேர் முன்னாடி என்னைத் திருடனாக்கிட்டீங்க. உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

பாக்கியமேரி பஸ் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். சண்டை போட்ட அந்தக் குரலே போய்விட்டிருந்தது.

"தப்புதாங்கண்ணா, மன்னிச்சுக்குங்க. பெருசு தீந்துபோச்சு, சேலத்துல இருந்து வரணும்னு அவருகிட்ட சொல்லிடறேன். அவரு வந்து கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."

டப்பாவை அவர் பக்கமே தள்ளினாள்.

"அந்த வாயில்லா ஜீவன் ஒரு கோழியையும் தொடலீங்க. மொரப்பூர்ல எம்மவ புள்ளை பெத்துக் கெடக்கறா. அவளுக்குச் சாறு காச்சிக் குடுக்க, ஒவ்வொண்ணாக் கூடையில மறைச்சுக் கொண்டுபோனது நாந்தாங்க."