பதினெட்டு வருடப் பத்தியம்

குடல் அழற்சியோடு பதினெட்டு வருடம் காலந்தள்ளிவிட்ட தணிகாசலத்திடம், மலத்தைச் சோதித்து நோய் சொல்லும் கழிப்பறைக் கருவி அன்று காலை சொன்னது: "பெருங்குடலின் வலப்பக்கம் புற்றுக்கட்டி. இன்னும் பதினொரு மாத ஆயுள்." இடப்பக்கமாக இருந்தால் ஏழெட்டு வருடம் கொடுத்திருக்கும்.

வெளியே வந்ததும் மனைவி பூங்கோதை கேட்டாள். "என்ன சொல்லுச்சு?"

"கட்டிதான். இடப்பக்கமாம். பயப்பட ஒண்ணுமில்ல."

அவள், கருவியின் செய்தி வந்து ஒளிர்ந்துகொண்டிருந்த தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மதியம் தட்டில் வழக்கமான குழைந்த மோர்ச்சாதத்தைக் காணோம். பதினெட்டு வருடமாக அவள் கண்ணில்கூடக் காட்டாத வஞ்சிரக் குழம்பு, எண்ணெய் மிதக்கச் சிவந்து கிடந்தது.

"எனக்குக் காரம் ஆகாதே, கோதை."

"இனிமே என்ன பத்தியம். சாப்பிடுங்க" என்று, அவர் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு துண்டு வைத்தாள்.