இன்னொரு ஹெல்மெட்

அலுவலகத்துக்குக் கூட வரும் பூவலிங்கத்துக்காக வேலாயுதம் வண்டியில் இன்னொரு ஹெல்மெட் வைத்திருந்தார். பூவலிங்கத்துக்கு எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, வேலாயுதத்தின் மனைவி சாயங்காலமானால் அந்த ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, கேட்டில் காயப்போடுவாள். முன்பு கூட வந்த சோமசுந்தரத்துக்கு வியர்த்துக் கொட்டும். அப்போதெல்லாம் அவள் கழுவியதில்லை. இப்போது ஏன் என்று வேலாயுதம் கேட்டதுமில்லை.

ஒரு சாயங்காலம் பூவலிங்கம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். சொட்டிக்கொண்டிருந்த பஞ்சை ஒதுக்கித்தான் கேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்று வாசலோடு திரும்பிவிட்டார்.

மறுநாள் புது ஹெல்மெட்டோடு நின்றார்.

“காலையில ஈரமா இருக்கும். பனின்னு நெனச்சிட்டிருந்தேன் சார்.”

வேலாயுதம் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். வேகத்தடையில் எப்போதும் முட்டிக்கொள்ளும் இரண்டு தலைகளும் அன்று முட்டிக்கொள்ளவில்லை.