திருடினால்தான் பிழைக்கும்

“வந்துட்டா பாரு மகராசி! வேலியைத் தாண்டியே வந்துட்டா!”

சமையலறை ஜன்னல் திரையை விரலால் விலக்கிக்கொண்டு எல்விரா பல்லைக் கடித்தாள். கையிலிருந்த மாத்தே மூலிகைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

சான் இலாரியோ ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மதியத் தூக்கம் போடுகிற நேரம். பக்கத்து வீட்டு நெலிதா இவர்கள் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து, தக்காளி நாற்றுகளைப் பிடுங்கி ஏப்ரனில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“காசிமிரோ! எந்திரி! உன் நாற்று போகுது!”

கணவர் காசிமிரோ கட்டிலில் படுத்தபடியே கேட்டார். “எத்தனை?”

“அஞ்சு. இல்ல, ஆறு. ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச்சுல பிள்ளைங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லித் தர்ற பொம்பளை! களவு செய்யாதேங்கறதை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வந்துட்டா போல.”

“பாவம், விடு. ஒரு வருஷமா அவ தோட்டம் படற பாடு உனக்குத் தெரியாதா?”

தெரியாமல் என்ன? போன வசந்தத்தில் நெலிதா சந்தையில் வாங்கி நட்டதையெல்லாம் எறும்புகள் இலை இலையாக அறுத்துக்கொண்டு ஊர்வலம் போயின. கோடையில் ஆலங்கட்டி மழை பூசணிக்கொடியைச் சல்லடையாக்கியது. இலையுதிர்காலத்தில் பூண்டு அழுகியது. குளிர்காலத்து உறைபனியில் கீரை கருகியது. போன மாதம் இரக்கப்பட்டு காசிமிரோ ஒரு தட்டு நாற்று கொடுத்தார். ஒரே வாரத்தில் அத்தனையும் தலை தொங்கிவிட்டன.

அந்த ஊர்க் கணக்கே அப்படி. காசு கொடுத்து வாங்கியது முரண்டு பிடிக்கும், சும்மா கொடுத்தது வாடிப்போகும், திருடி நட்டதுதான் வேர் பிடிக்கும். பாதிரியார் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் வீட்டுப் புதினா எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதும் இல்லை.

எல்விராவின் கவலை புதினா அல்ல. அந்த நாட்டில் பிப்ரவரிதான் கோடை; அப்போது வரும் திருவிழாவில், மூன்று வருஷமாகத் தக்காளிக்கு முதல் பரிசு அவளுக்குத்தான். உள்ளங்கை நிறைய உட்காரும் அந்த ஜாதித் தக்காளி ஊரில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. நெலிதாவின் தம்பியோ மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறான். எருவுக்குப் பஞ்சமே இல்லை. நாற்று அவள் கைக்குப் போனால் பரிசும் போன மாதிரிதான்.

“இன்னிக்கு விடமாட்டேன். தெருவே முழிச்சுக்கற மாதிரி ‘திருடி’ன்னு கத்தப்போறேன். அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்தறான்னு பாக்கறேன்.”

“கத்தாதே எல்விரா.”

“ஏன் கத்தக்கூடாது? உங்க குடும்பத்துத் தக்காளிய்யா அது! உங்க தாத்தா கப்பல்ல விதை கொண்டுவந்தார்னு ஊர் ரேடியோவுலயே சொல்லியிருக்கேன்!”

“நீதானே சொன்னே. நான் எப்போ சொன்னேன்?”

கத்துவதற்காகக் கதவைத் திறக்கப் போன எல்விராவின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

“அப்ப எங்கேருந்துய்யா வந்தது?”

காசிமிரோ எழுந்து உட்கார்ந்து, காலாலேயே செருப்பைத் தேடினார். அவர் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

“அவ புருஷன் லாசரோ தோட்டத்துலேருந்துதான். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் செத்துப்போனார், அதோட அங்கே எல்லாம் பட்டுப்போச்சு. அவர் இருந்தப்போ, இதே மாதிரி ஒரு மதியம், நாலு நாற்றை உருவிட்டு நிமிர்றேன்... மனுஷன் ஜன்னல்ல நிக்கறார்.”

“ஐயோ மாதாவே! கத்தினாரா?”

“கத்தலை. ‘காசிமிரோ, வேர்ல இருக்கற மண்ணோட எடுப்பா, இல்லேன்னா பிழைக்காது’ன்னார்.”